மண் பிசைய எந்த மேசை?

கடப்பா கல் விற்கும் கடைக்கு ஒரு களிமண் உருண்டையைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல, “கிச்சன் மேடைக்கா சார்? ஒரு பக்கம் பாலிஷா, ரெண்டு பக்கமுமா?” என்றார். பாலிஷே வேண்டாம் என்றதும் என்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது. பையிலிருந்து மண்ணை எடுத்ததும் மிச்சமும் போய்விட்டது. ஒவ்வொரு கல்லின் மேலும் உருண்டையை அமுக்கி, இருபது வரை எண்ணி, பிய்த்துப் பார்த்தேன். பளபளக்கும் கிரானைட்டில் மண் ஒரு கனத்த அப்பளம்போல அங்கேயே தங்கிவிட்டது. மெருகேற்றாத கடப்பாவில் ஓரத்தில் மட்டும் லேசாகப் பிடித்து, மற்றபடி சுத்தமாக வந்தது. கடை வாசலில் படிக்கட்டுக்காகக் கிடந்த பழைய சிமெண்ட் ஸ்லாபில் ஒட்டவே இல்லை. “இதுக்கு எதுக்கு சார் கல்லு, இந்த ஸ்லாபையே தூக்கிட்டுப் போங்க” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதில் பாதி உண்மை இருந்தது.

மண்பாண்ட ஸ்டூடியோ தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது சக்கரத்தை, அடுத்து சூளையை. கையிருப்பில் பெரும்பகுதி அந்த இரண்டுக்கும் போய்விடுகிறது. மேசை கடைசியில் வரும். வீட்டில் யாருக்கும் வேண்டாத சாப்பாட்டு மேசையோ, மாடியில் சாத்திக் கிடக்கும் பழைய கதவோ அந்த இடத்தை நிரப்பும். சக்கரத்தில் உட்காரும் நேரத்தையும் மேசை முன்னால் நிற்கும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தால்தான் இந்த வரிசை எவ்வளவு தலைகீழ் என்று தெரியும். மண் பிசைவது, தகடாகத் தேய்ப்பது, கைப்பிடி இழுப்பது, ஒட்டுவது, காயவைப்பது, கிளேஸ் கலக்குவது எல்லாமே மேசையில்தான்.

எந்தப் பரப்பு நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிளாஸ்டர்தான் என்று சத்தியம் செய்பவர் உண்டு. கான்வாஸ் இல்லாமல் கை ஓடாது என்பவர் உண்டு. வெறும் பலகை போதும் என்று சிரிப்பவரும் உண்டு. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் செய்யும் வேலையும் அவரவர் ஊர்க் காற்றும் வேறு. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு எனக்கு மிஞ்சியவை இரண்டே கேள்விகள். மண்ணிலிருந்து கசியும் தண்ணீர் எங்கே போகிறது? காய்ந்த மண்ணின் தூசி எங்கே போகிறது? சென்னையிலும் புதுச்சேரியிலும் இவற்றுக்கு வரும் பதில், வறண்ட ஊர்களில் இருந்துகொண்டு எழுதப்பட்ட கையேடுகளின் பதிலோடு பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

மண் ஏன் ஒட்டுகிறது, ஏன் விடுகிறது என்பதற்குச் சமையலறையே சாட்சி. போளி தட்டும்போது வாழையிலையில் எண்ணெய் தடவுகிறோம். கைமுறுக்கைத் துணியில் சுற்றுகிறோம். சப்பாத்திக்குப் பலகையில் மாவு தூவுகிறோம். நடுவே ஒரு படலம் போடுவது, ஈரத்தை உறிஞ்ச விடுவது, பொடி தூவுவது என்ற இந்த மூன்று வழிகள்தான் மண்ணுக்கும். பிசையும் பதத்தில் இருக்கும் களிமண்ணின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை தண்ணீர். அமுக்கும்போது அதில் கொஞ்சம் அடியில் கசிந்து, மண்ணுக்கும் மேசைக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவுகிறது. மேசை வழவழப்பாக, தண்ணீர் புகாததாக இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதுபோல மண் கவ்விக்கொள்ளும். மேசையில் நுண்துளைகள் இருந்தால் படலம் அவற்றுக்குள் இறங்கிவிடும். மண்ணின் அடித்தோல் மட்டும் துளி இறுகி, தானாக விட்டுக்கொடுக்கும். ஆனால் துளைகள் நிரம்பும்வரைதான் இந்தச் சலுகை.

நம் ஊரில் இதற்கு இருந்த பழைய விடை மூன்றாவது வழி, அதாவது பொடி. வேளார் வீட்டு முற்றத்தில் மேசை கிடையாது, தரைதான். மணலோ சாம்பலோ தூவி அதன்மேல் மண்ணைக் கொட்டிக் காலால் மிதிக்கிறார்கள். அய்யனார் குதிரை தரையிலேயே எழும்பி நிற்கும், செய்பவர்தான் அதைச் சுற்றி வருவார். பெரிய பானையைச் சக்கரத்திலிருந்து அடியில்லாமல் எடுத்து, உள்ளே ஒரு கல்லைப் பிடித்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். அங்கே வேலைப் பரப்பு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அந்தக் கல்லையும் குயவரின் மடியையும்தான் காட்ட வேண்டும். கிராமத்துச் சூளையின் சூட்டுக்குச் சாம்பல் ஒன்றும் செய்யாது. ஸ்டோன்வேரின் நிலைமை வேறு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியபின் இந்தப் பக்கம் வேர்விட்ட உயர்வெப்ப வேலை அது. 1250 டிகிரிக்கு மேல் சாம்பல் உருகும். கிழக்காசியாவின் சாம்பல் கிளேஸ் பிறந்ததே அப்படித்தான். முற்றத்தில் உதவிய அதே பொடி, ஸ்டோன்வேர் கிண்ணத்தின் அடியில் கேட்காத தடத்தை விட்டுவிடலாம். அதனால் இன்றைய ஸ்டூடியோவுக்கு இரண்டாம் வழிதான் முதல் வழி.

உறிஞ்சுவதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை வெல்ல ஒன்றுமில்லை. ஃபால்ஸ் சீலிங் மேஸ்திரிகள் பி.ஓ.பி. என்று சொல்லும் அதே பவுடர்தான். ஜிப்சத்தை 150 டிகிரி அளவில் சுட்டு அதன் தண்ணீரில் பெரும்பகுதியை விரட்டினால் இந்தப் பவுடர் கிடைக்கும். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நம்மிடம் வருவது பெரும்பாலும் ராஜஸ்தான் ஜிப்சம். பவுடரில் தண்ணீர் சேர்த்தால் விரட்டப்பட்ட தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிலோ பவுடர் கல்லாக வேதியியல்படி தேவை 18.6 கிலோ தண்ணீர் மட்டுமே. மண்பாண்ட வேலைக்கு நாம் கலப்பதோ 70 கிலோ. மீதமுள்ள 51 கிலோவும் வேலையில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்து, பிறகு ஆவியாகிப் போய், தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுச்செல்கிறது. அந்தத் துளைகள்தான் உறிஞ்சுகின்றன. ஒரு சராசரி பலகையை எடுத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 5 கனம். அதற்கு 12½ கிலோ பவுடரும் 8¾ லிட்டர் தண்ணீரும் போகும். நன்றாகக் காய்ந்தபின் எடை 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதன் துளைகளின் கொள்ளளவு 6 லிட்டருக்கும் மேல். அதே எடையுள்ள கிரானைட் துண்டு அரை டம்ளர்கூட உறிஞ்சாது.

இதன் பயன் பழைய மண்ணை மீட்கும்போது தெரியும். சக்கரத்துத் தட்டில் வழிந்த கூழ், உடைந்த பச்சைக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் வாளியில் ஊறப்போட்டால் வருவது கொழகொழவென்ற சேறு. பத்து கிலோ சேற்றில் 30 சதவீதம் தண்ணீர் இருக்கிறது, அதை 23 சதவீதத்துக்கு இறக்க வேண்டும் என்றால் போக வேண்டியது சுமார் 900 மில்லி. பிளாஸ்டர் பலகையில் கொட்டி, ஒருமுறை புரட்டிப்போட்டால் மாலைக்குள் பிசையும் பதம் வந்துவிடும். இந்த வேலைக்கு மாற்று எனக்குத் தெரியாது.

ஆனால் பிளாஸ்டரையே பிசையும் மேசையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டர் மென்மையானது, நகத்தால் கீறலாம். ஒட்டிய மண்ணைச் சுரண்ட யாராவது இரும்புத் தகட்டை எடுத்தால் போதும், கடுகளவு துணுக்கு மண்ணுக்குள் போய்விடும். சூளையில் அது சுண்ணாம்பாகிறது. வெளியே வந்தபின் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்து உப்புகிறது. உப்பும் சுண்ணாம்புக்கு இடம் வேண்டும். அதனால் மேலிருக்கும் மண்ணை ஒரு குட்டிக் கிண்ணம்போலப் பெயர்த்துத் தள்ளுகிறது. எங்கள் ஸ்டூடியோவிலிருந்து பரிசாகப் போன ஒரு கோப்பை, மூன்றாம் வாரம் அலமாரியில் சும்மா இருக்கும்போதே பக்கவாட்டில் பெயர்ந்தது. குழியின் நட்டநடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. தகட்டை எடுத்துச் சுரண்டியவன் நான்தான் என்பதால் யார்மேலும் கோபப்பட வழியில்லாமல் போயிற்று.

இன்னொரு சிக்கல் ஐப்பசியில் வரும். உறிஞ்சிய தண்ணீரை பிளாஸ்டர் எங்காவது விட்டாக வேண்டும். வறண்ட காற்றில் ஒரு ராத்திரி போதும். இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் துவைத்த வேட்டியே மூன்று நாள் கொடியில் தொங்குகிறது, ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள கல் எப்படிக் காயும்? நவம்பரில் எங்கள் பலகைகள் தொட்டால் சில்லென்றிருக்கும். ஓரங்களில் கறுப்பாகப் பூஞ்சை. அவசரப்பட்டு சூளை மூடிமேல் வைத்துக் காயவைக்கவும் கூடாது. 50 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து கிடந்தால் கல்லானபோது வாங்கிய தண்ணீரையும் இழக்கத் தொடங்கி, மேற்பரப்பு மாவாக உதிரும். ஆகவே மேசையோடு பதித்த பிளாஸ்டர், வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், இந்தக் கரையில் வருஷத்தில் மூன்று மாதம் ஈரச் சுவர்தான். அடியும் பக்கமும் மூடியிருப்பதால் காற்றுப்பட மேல்முகம் மட்டுமே மிஞ்சும். தனித்தனிப் பலகைகளாக வார்த்து, இரண்டு சட்டங்களின் மேல் நிறுத்திவைத்து, நாலு பக்கமும் மின்விசிறிக் காற்றுபடச் சுழற்சி முறையில் பயன்படுத்துவதே சரி. மூன்று பலகை இருந்தால் மழைக்காலத்தை ஓட்டிவிடலாம்.

வார்ப்பதற்கு ஒரு யோசனை. ஆத்தங்குடியில் பூ டைலைக் கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்பு எந்த மெஷினும் தந்ததல்ல, கண்ணாடியின் முகம் அப்படியே இறங்கியது. பிளாஸ்டரையும் கண்ணாடி மேலோ சன்மைக்கா ஒட்டிய பலகை மேலோ வார்த்தால் வேலை செய்யும் முகம் அதேபோலச் சமமாக வரும். ஓரங்களை ஈரத்தோடு இருக்கும்போதே மழுக்கிவிட வேண்டும், முதலில் உதிர்வது அவைதான்.

அப்படியானால் பிசைய எது? நான் வந்து சேர்ந்த இடம் அந்தக் கடைவாசல்தான். மெருகேற்றாத கடப்பா அல்லது வார்த்த சிமெண்ட் ஸ்லாப். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. பிளாஸ்டரோடு ஒப்பிட்டால் அது உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆனால் பிசையும்போது மண் ஒரே இடத்தில் நிற்பதில்லையே. உருண்டு, புரண்டு, தூக்கி அடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. படலம் சேர்வதற்குள் இடம் மாறிவிடுகிறது. அதற்குக் கல்லின் சொரசொரப்பும் லேசான உறிஞ்சலும் போதும். கொழகொழ மண்ணுக்குத்தான் போதாது, அந்த மண்ணை முதலில் பிளாஸ்டர் பலகைக்கு அனுப்ப வேண்டும். எடை இன்னொரு லாபம். ஆறடிக்கு இரண்டடி, ஓர் அங்குல கனம் என்றால் கல் மட்டும் 70 கிலோவுக்கு மேல். முழு உடம்பையும் போட்டு அமுக்கும்போது மேசை நகர்ந்தால் நம் பலத்தில் பாதி மேசைக்குப் போய்விடும். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. மேலே பாலிஷ் வேண்டாம், ஓரத்துக்கு மட்டும் நோசிங். மூளியான ஓரத்திலிருந்து விழும் கல் துணுக்கும் சூளையில் சுண்ணாம்புதான், பிளாஸ்டர் செய்த அதே வேலையைச் செய்யும்.

சிமெண்ட் ஸ்லாப் கடப்பாவைவிட நன்றாக உறிஞ்சும், விலையும் குறைவு. மூன்றடிக்கு இரண்டடி, மூன்று அங்குல கனத்தில் வார்த்தால் கிட்டத்தட்ட நூறு கிலோ. நாலு பேர் தூக்க வேண்டும், ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். மேஸ்திரிக்கு அழகுணர்ச்சி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் இதில் கஷ்டம். கடைசியில் வெறும் சிமெண்டைக் கரைத்து இழைத்துப் பளபளப்பாக்கிவிடுவார். அந்தப் பூச்சு துளைகளை அடைத்துவிடும். சாதாரணமாகக் கரணையால் சமன்செய்து விடச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றி இறுகவிட்டு, பலமுறை கழுவியபிறகே மண் வைக்கலாம். புது சிமெண்டின் காரம் கையை அறுக்கும். பல வருஷம் தேய்ந்தபின் மேலே மணல் தலைகாட்டத் தொடங்கும். பீங்கான் மண்ணில் வேலை செய்பவருக்கு அது ஒத்துவராது.

பளிங்கைப் பற்றிப் பேச அதிகமில்லை. கிரானைட்டின் தம்பி, விலை மட்டும் அண்ணன்.

மரத்தில் நியாயமான குணங்கள் உண்டு. ஜப்பானியக் குயவர்கள் செவ்வந்திப்பூ இதழ்போல மடித்து மடித்துப் பிசையும் முறைக்கு மரப்பலகையே பழகிய தளம். எங்கள் கைவேலை மேசைகள் எல்லாமே பிளைவுட்தான். 19 மில்லிமீட்டர், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை. சாதாரண பிளையை வாங்கி மிச்சம் பிடித்தால் இரண்டு வருஷத்தில் அடுக்கடுக்காகப் பிரியும். எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் ரொட்டிபோல உப்பும். தச்சரிடம் பேசும்போது மேஸ்திரியிடம் பட்ட அதே பாடு. மேசை என்றால் சன்மைக்கா ஒட்டியாக வேண்டும், குறைந்தபட்சம் வார்னிஷாவது அடிக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் மானம். “வெறும் மரமாவே விட்டா நாலு பேர் என்ன சார் சொல்வாங்க?” என்று கேட்டார் ஒருவர். வார்னிஷ் அடித்த பலகை மண்ணைப் பொறுத்தவரை கண்ணாடிதான்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, உறிஞ்சாது. வாங்கும் காசுக்கு வீட்டுக்கு ஒரு நாற்காலி செய்துகொள்ளலாம். வேப்பம்பலகைக்குக் கறையான் பயம் குறைவு, நன்றாகவும் உறிஞ்சும். எந்த மரமானாலும் ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்தால் வளையும். அடியில் குறுக்குச் சட்டம் அடித்து, மாதம் ஒருமுறை திருப்பிப் போட்டால் தாக்குப்பிடிக்கும்.

இனி கான்வாஸ். ஸ்டூடியோக்களில் பரவலாகக் காணப்படுவதும் இதுதான், என் வழக்கு அதிகம் இருப்பதும் இதன்மேல்தான். பலகையின் மேல் கெட்டிக் கான்வாஸை இழுத்து ஆணியடித்து விடுகிறார்கள். முதல் மாதம் சொர்க்கம். மண் ஒட்டாது, வழுக்காது, தேய்த்த தகடு சொன்னபடி எழும்பும். நெசவின் கோடுகள் தகட்டில் பதிவதைக்கூடச் சிலர் அழகு என்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண் இழைகளுக்குள் புகுந்து காய்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த மேசையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுங்கள். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும் நேரமாகப் பார்த்துத் தட்டுங்கள். எழும்பும் புகை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் போதும், ஆணியைப் பிடுங்க நானே வர வேண்டியதில்லை. அதிலும் கண்ணுக்குத் தெரிகிற புகை பெரிய துகள்கள்தான், அவை கீழே இறங்கிவிடும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்காகக் காற்றிலேயே மிதக்கும்.

களிமண்ணோடு கலந்திருப்பது குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. ஸ்டோன்வேர் மண்ணிலும் கிளேஸிலும் நாமே இன்னும் சேர்க்கிறோம். வருஷக்கணக்காக மூச்சில் போனால் நுரையீரல் தழும்பேறி இறுகும் சிலிக்கோசிஸ் நோய் வரும், வந்தால் திரும்பிப்போகாது. மண்பாண்டத் தொழில் இதை மூன்று நூற்றாண்டுகளாக அறியும். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பாத்திரத்தை வெளுப்பாக்கச் சிக்கிமுக்கிக் கல்லை உலர்வாக இடித்துச் சேர்த்தார்கள், இடித்தவர்கள் இளவயதிலேயே செத்தார்கள். தண்ணீரில் நனைத்து அரைக்கும் முறைக்கு 1726இலேயே தாமஸ் பென்சன் காப்புரிமை வாங்கியது அந்தத் தூசியால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் வைத்தது. அமெரிக்கா 2016இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். வாரத்தில் ஒரு நாள் பொழுதுபோக்குக்கு வருபவர் பதற வேண்டாம். தினமும் அதே அறையில் பெருக்கித் துடைக்கும் உதவியாளரின் நுரையீரலை நினைத்துத்தான் மேசையைத் தேர வேண்டும்.

துணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆணியடித்த துணி கூடாது. காடாத் துணியை இரண்டு கஜம் வாங்கி விளிம்பு அடித்துவைத்தால், தகடு தேய்க்கும்போது விரித்து, முடிந்ததும் ஈரத்தோடே சுருட்டி வாளியில் போட்டுவிடலாம். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தெளியவிட வேண்டும். இதற்கு வாஷிங் மெஷினைப் பயன்படுத்தினால் அதன் பிறகு அந்த மெஷினில் வேறெதையும் துவைக்க முடியாது. துணியைவிட மலிவானது பழைய தினசரித்தாள். தகட்டுக்கு அடியில் ஒரு தாள், ஈரத்தை வாங்கிக்கொண்டு தகடு சுருங்கும்போது கூடவே நகர்ந்து கொடுக்கும். மண்ணில் சிறு துண்டு ஒட்டிக்கொண்டாலும் பாதகமில்லை, சூளையில் எரிந்துவிடும்.

காயவைக்கும் பலகைகளுக்குச் சமீப காலமாக இரண்டு பொருள்கள் வந்திருக்கின்றன. ஒன்று, கட்டுமானக் கடைகளில் கிடைக்கும் சிமெண்ட் போர்டு. ஈரத்துக்கு வளையாது, மிதமாக உறிஞ்சும், பூஞ்சை பிடிக்காது. கிண்ணங்களை வரிசையாக வைக்க இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. அறுக்கும்போது பறப்பதும் சிலிக்காத் தூசிதான் என்பதால் வெளியில் வைத்து, தண்ணீர் தெளித்து அறுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று கேட்டு வாங்குவதும் முக்கியம். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டுக்கு இன்னும் தடையில்லை. உடைந்த ஷீட் துண்டைப் பலகையாக்கும் சிக்கனம் நம்மிடம் சகஜம், அந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, ஜிப்சம் போர்டு. ஃபால்ஸ் சீலிங் வேலை நடக்கும் கட்டடத்தின் வாசலில் குப்பையாகவே கிடைக்கும். அறுத்த ஓரங்களில் டேப் சுற்றிவிட்டால் டைல் காயவைக்க அருமையான பொருள். இரண்டு போர்டுகளுக்கு நடுவே டைலை வைத்து அமுக்கினால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஈரம் போகும், டைல் வளையாது. ஈரம் பட்டுப்பட்டு மேல்தாள் உரியத் தொடங்கிய அன்று தூக்கி எறிந்துவிட வேண்டும். தாளுக்கு உள்ளே இருப்பது அதே பிளாஸ்டர்தான்.

கிளேஸ் மேசைக்கு வந்தால் இதுவரை சொன்னதையெல்லாம் திருப்பிப் போட வேண்டும். அங்கே உறிஞ்சுவது குற்றம். மாங்கனீஸ் டையாக்சைடு, கோபால்ட், குரோமியம், சிலர் வைத்திருக்கும் பேரியம் கார்பனேட் எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். பேரியம் கார்பனேட் எலிப்பாஷாணமாக விற்ற சரக்கு. சிந்தியது துளையில் தங்கக் கூடாது, ஈரப் பஞ்சால் ஒரே இழுப்பில் வர வேண்டும். மண் மேசைக்கு ஆகாதென்று ஒதுக்கிய பாலிஷ் கிரானைட், சன்மைக்கா, எவர்சில்வர் எல்லாவற்றுக்கும் இங்கே முதல் மரியாதை. கோபால்ட் ஒரு சிட்டிகை வெள்ளை மண்ணில் பட்டாலே நீலப் பொட்டு விழும். அதனால் இந்த மேசை பிசையும் மேசையிலிருந்து எட்டி இருப்பது நல்லது, இடமில்லாவிட்டால் நடுவில் ஒரு பலகைத் தடுப்பாவது வேண்டும். இதே காரணத்தால்தான் செம்மண் பிசையும் கல்லில் பீங்கான் மண்ணைப் பிசையக் கூடாது. எவ்வளவு கழுவினாலும் கடப்பாவின் கீறல்களில் இரும்புக்கறை மிச்சமிருக்கும்.

உயரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் முதுகு மன்னிக்காது. சமையல் மேடை உயரத்தில் பிசையும் மேசை போட்டால் தோளால்தான் அமுக்க வேண்டியிருக்கும், நாலு மாதத்தில் மணிக்கட்டு கேள்வி கேட்கும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் முஷ்டி எட்டும் உயரம் பிசைய ஏற்றது. அப்போதுதான் உடம்பின் எடை இறங்கும். பெரும்பாலோருக்கு அது 70 சென்டிமீட்டரை ஒட்டி வரும். கைப்பிடி ஒட்டுவது, பூ வரைவது போன்ற நுணுக்க வேலைக்கு முழங்கை உயரம். ஒரே மேசையில் இரண்டையும் செய்ய நினைப்பவர் காலுக்கு அடியில் ஒரு மணை போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஸ்டூடியோவில் இப்போது இருப்பது இது. சுவரோரம் முஷ்டி உயரத்தில், செங்கல் கால்களின்மேல் கடப்பா. நடுவில் வெறும் மரைன் பிளை மேசை இரண்டு, மேலே சுருட்டிவைத்த காடாத் துணி. மின்விசிறிக்கு நேர்கீழே நிறுத்திவைத்த பிளாஸ்டர் பலகை மூன்று. அலமாரியில் சிமெண்ட் போர்டுத் துண்டுகள். பின்கட்டில் கிளேஸுக்கு, ஒரு கல்யாண மண்டபச் சமையலறையை இடித்தபோது கிடைத்த எவர்சில்வர் மேசை. மொத்தச் செலவு ஒரு நல்ல சக்கரத்தின் விலையைத் தொடவில்லை. ஆணியடித்த கான்வாஸ் மேசை ஒன்று பழைய மாணவர் ஒருவருக்காக மிச்சமிருந்தது. அவர் வெளியூர் போனதும் அதையும் பிரித்துவிட்டோம். கான்வாஸை எடுத்தபோது அடிப்பலகையில் இருந்த மண் தேன்குழல் மாவு சலித்ததுபோல அவ்வளவு நைசு.

எந்த மேசையிலிருந்து தள்ளினாலும் கடைசியில் விழுவது தரையில். துடைப்பத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம், ஈர மாப் மட்டும்தான். மேசைப் பஞ்சுக்கு இரண்டு வாளி. மண் மேசைக்கு நீலம், கிளேஸ் மேசைக்குச் சிவப்பு. இரண்டும் ஒருபோதும் இடம் மாறக் கூடாது. சிவப்பில் தங்கும் வண்டலை மூடிபோட்ட டப்பாவில் சேர்த்துவைத்து, நிரம்பியதும் கழிவு மண்ணோடு பிசைந்து கட்டியாக்கிச் சூளையில் சுட்டுவிடுகிறோம். நீலத்தில் அடியில் தங்குவதைச் சனிக்கிழமை சாயங்காலம் மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, காய்ந்த பிளாஸ்டர் பலகை எது என்று தட்டிப் பார்த்து, அதன்மேல் கொட்டுகிறோம். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று.